இன்னும் ஒரு சுற்று

மதுரை ஆஸ்பத்திரியில் மரியசெல்வத்தின் முகக்கட்டை அவிழ்த்த அன்றுதான் விசாரணையின் இடைக்கால அறிக்கையும் வந்தது. அவனுடைய அக்கா சகாயசெல்வி வராந்தாவில் நின்றபடியே அதை வாசித்தாள்.

நத்தம் ரோட்டிலுள்ள மாம்பழக்கூழ் ஆலையில் நீராவித் தொட்டியின் மூடி எகிறி ஆபரேட்டர் காயமடைந்ததற்கு அவருடைய கவனக்குறைவே காரணமாகத் தெரிகிறது என்றது அறிக்கை. உள்ளே அழுத்தம் இருக்கும்போதே மூடியைத் திறந்திருக்கிறார். மது அருந்தியிருக்கக்கூடும் என்று ஆலைத் தரப்பு சொல்கிறது. தொட்டியை இயக்கும் புரோகிராமில் பிழைக்கு இடமில்லை. அது முன்பே முழுமையாக ஆராயப்பட்டுச் சான்று பெற்றிருக்கிறது. அந்தச் சான்றிதழ் கடைசிப் பக்கத்தில் இருந்தது. அதன் அடியில் செழியனின் கையெழுத்து.

அவளுக்கு அந்தக் கையெழுத்தைத் தெரியும். அறிக்கையை நான்காக மடித்துப் பையில் திணித்துக்கொண்டு உள்ளே போனாள்.

தம்பியின் இடது கண் இனி இல்லை. கன்னத்திலிருந்து கழுத்துவரை தோல் வெந்து, புதிதாகப் பூசிய சுவர் போல ஈரமாகப் பளபளத்தது. மீதியிருந்த ஒற்றைக் கண்ணால் அவளைப் பார்த்தான்.

"என்னக்கா எழுதியிருக்கானுக?"

"ஒண்ணுமில்லப்பா. நீ செத்த நேரம் தூங்கு."

"குடிச்சிருந்தேன்னு போட்டுருக்கானுகளா?"

அவள் தலையணையைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டாள்.

"ஞாயித்துக்கெழமை குடிப்பேன். ஊருக்கே தெரியும். அன்னைக்கு புதன்கெழமைக்கா. வயித்துல வெறும் டீதான். மூடி மேல இருக்குற முள் மீட்டரு ரொம்ப நாளா ஓடல. தெரையில பூஜ்யம்னு காட்டுச்சு. பூட்டு தானா விட்டுச்சு. அதுக்கப்புறம்தான் கைய வச்சேன்."

"நான் நம்புறேன்."

"நீ நம்பி என்னக்கா செய்ய?" என்று சொல்லிவிட்டு அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான்.

அந்தக் கேள்வி அவளைப் பேருந்தில் திண்டுக்கல் வரும்வரை விடவில்லை. பதில் இருந்தது. அவள் நம்பினால் செய்யக்கூடியது ஒன்று இருந்தது. தமிழ்நாட்டில் அதைச் செய்யத் தெரிந்தவர்கள் மிகச் சிலர். அவர்களில் ஒருத்தி அவள், இன்னொருவன் செழியன்.

இருவரும் கோயம்புத்தூரில் ஒரே வழிகாட்டியிடம் ஆராய்ச்சி செய்தவர்கள். ஒரு புரோகிராமை ஓட்டிப் பார்க்காமலே, வெறுமனே படித்து, அதில் எந்தக் காலத்திலாவது ஆபத்து வருமா என்று சொல்கிற கருவி ஒன்றைச் சேர்ந்து எழுதினார்கள். புரோகிராமில் இருக்கும் ஒவ்வொரு எண்ணும் குறைந்தது எவ்வளவு, அதிகம் எவ்வளவு ஆகலாம் என்று அந்தக் கருவி ஒரு வரம்பு போட்டுக்கொள்ளும். புரோகிராம் சுற்றிச் சுற்றி வருகிற இடங்களில் ஒவ்வொரு சுற்றுக்கும் வரம்பு கொஞ்சம் விரியும். ஒரு கட்டத்தில், இன்னொரு சுற்று போனாலும் எதுவும் மாறவில்லை என்றால், வரம்பு அசையாமல் நின்றுவிட்டது என்று அர்த்தம். அதற்கு நிலைப்புள்ளி என்று பெயர். அங்கே நின்றபின் கருவி சொல்வதை நம்பலாம்.

சில வரம்புகள் நிற்கவே நிற்காது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்று கூடிக்கொண்டே போகும். கருவியும் முடிவில்லாமல் ஓடும். அதனால் சகாயசெல்வி அதில் ஒரு தாவலை வைத்தாள். ஓர் எண் ஏறிக்கொண்டே போவதைப் பார்த்தால் கருவி காத்திருக்காது. இதற்கு மேல் எல்லையே இல்லை என்று ஒரேயடியாகத் தாவிவிடும். அத்தோடு கணக்கு முடியும். ஒரு குறை உண்டு. உண்மையில் ஏதாவது ஓர் எல்லையில் நின்றுவிடக்கூடிய எண்ணையும் சில நேரம் எல்லையில்லாதது என்று சொல்லிவிடும். இல்லாத ஆபத்துக்கும் கத்தும்.

செழியனுக்கு அது பிடிக்கவில்லை.

"நம்ம கருவி எதப் பாத்தாலும் கத்துது செல்வி. இத எவன் வாங்குவான்?"

"கத்தாம விட்டா ஆள் சாவான். வீணா கத்துனா ஒருத்தன் ஒக்காந்து சரிபாப்பான், அவ்வளவுதானே?"

"ஒனக்கு யாவாரம் புரியல."

அதோடு பேச்சு முறிந்தது. அவன் கருவியின் பிரதியோடு திண்டுக்கல் பைபாஸில் ஒரு நிறுவனம் தொடங்கினான். கண்ணாடி சிஸ்டம்ஸ் என்று பெயர். ஆலைகளின் புரோகிராம்களைப் பார்த்துச் சான்றிதழ் கொடுத்தான். அவள் நாகல்நகரில் மாடியில் ஓர் அறை எடுத்து, பெங்களூர் நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். அவன் நிறுவனத்தின் போர்டைப் பேருந்திலிருந்து பலமுறை பார்த்திருக்கிறாள். எக்கேடும் கெட்டுப் போகட்டும் என்று விட்டிருந்தாள்.

இப்போது விட முடியவில்லை.

தம்பியோடு ஆலையில் வேலை பார்த்த எலக்ட்ரீஷியன் முகமது பாரூக்கிடம் அந்தத் தொட்டியின் புரோகிராம் இருந்தது. கண்ட்ரோலர் பெட்டி பழுதானால் திரும்ப ஏற்றுவதற்காக அவன் பொறுப்பில் கொடுத்திருந்த பிரதி. கேட்டவுடன் கொண்டுவந்தான்.

"வேல போனாலும் பரவால்லக்கா. மரியசெல்வம் ஊத்திக்கிட்டு வந்ததா நானும் சொன்னேன்னு எழுதிக்கிட்டானுக. நான் சொல்லவேயில்ல."

அவள் தன்னிடமிருந்த பழைய கருவியில் புரோகிராமைக் கொடுத்தாள். டீ ஆறுவதற்குள் பதில் வந்துவிட்டது. திருத்தம் என்ற எண்ணுக்கு மேல் எல்லை இல்லை. அழுத்தம் இருக்கும்போது பூட்டு திறக்கலாம்.

திருத்தம் என்பது தராசில் பொருளை வைப்பதற்கு முன் முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவது போன்ற ஏற்பாடு. பெட்டிக்கு மின்சாரம் வரும்போதெல்லாம், அந்த நேரத்தில் மீட்டர் காட்டும் சிறு அளவைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். ஒரு தடவைக்கு ஒரு புள்ளிக்கு மேல் திருத்தாது. ஆனால் பழைய திருத்தத்தை அழிக்காமல் அதன்மேலேயே கூட்டியது. மின்சாரம் போய்ப் போய் வரும் ஊரில் அந்த எண் ஏறுமே தவிர இறங்காது. உள்ளே நீராவி அழுத்திக்கொண்டிருக்க, திரை பூஜ்யம் என்று காட்டும், பூட்டும் விடும்.

தம்பி சொன்னதும் இதைத்தான். ஆனாலும் தன் கருவியை அவளுக்குத் தெரியும். இது வீணாகக் கத்துவதாகவும் இருக்கலாம். செழியன் அதைத்தான் முதலில் சொல்வான்.

மறுநாள் பேகம்பூரில் பாரூக் வேலை நேரம் போக நடத்தும் ரிப்பேர்க் கடையில், அதே மாதிரிக் கண்ட்ரோலர் பெட்டி ஒன்றை மேசையில் வைத்து அந்தப் புரோகிராமை ஏற்றினார்கள். அழுத்தம் அளக்கும் குழாயில் சைக்கிள் பம்பை மாட்டி லேசாகக் காற்றடித்துப் பிடித்துக்கொண்டு, பாரூக் சுவிட்சைப் போட்டான், அணைத்தான், போட்டான், அணைத்தான். கை வலித்து மாற்றிக்கொண்டார்கள். பிறகு அவள் பம்பை நன்றாக அழுத்தினாள். பம்பின் முள் எகிறியது. பெட்டியின் திரையில் பூஜ்யம். பூட்டுக்கான பச்சை விளக்கு எரிந்தது.

பாரூக் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். "அல்லா... அம்புட்டு பிரஷர்லயும் தொறக்குதேக்கா."

"விபத்துக்கப்பறம் பெட்டிய யாரு தொட்டா?"

"பெட்டிக் கம்பெனிக்காரன் வந்து பேட்டரிய மாத்துனான். அதுல கூடியிருந்த திருத்தமெல்லாம் அழிஞ்சுபோச்சு. பொறகு ஓட்டிக் காமிச்சு, பாருங்க, நல்லாத்தானே இருக்குன்னாங்க."

மிச்சமிருந்த கேள்வி ஒன்றுதான். அவள் எழுதிய கருவியின் பிரதிதானே செழியனிடமும் இருக்கிறது? அது ஏன் இதைச் சொல்லவில்லை? சான்றிதழோடு இணைத்திருந்த கணக்கை மறுபடி எடுத்துப் பார்த்தாள். திருத்தம்: பூஜ்யம் முதல் இருபது வரை. முப்பதுக்கு மேல் போனால்தான் ஆபத்து என்பதால் குறை இல்லை. ஏன் இருபது? புரோகிராமில் அந்த எண் எங்கேயும் இல்லை. அப்புறம்தான் விளங்கியது. அவன் தாவலைப் பிடுங்கி எறிந்திருக்கிறான். அது இல்லாமல் கருவி முடிவின்றி ஓடியிருக்கும். அதனால் இருபது சுற்று ஆனதும் நிறுத்திவிட்டு, நின்ற இடத்தையே நிலைப்புள்ளி என்று அச்சடிக்க வைத்திருக்கிறான். ஓடுகிறவனை மறித்து நிறுத்திவிட்டு, இவன் இதற்கு மேல் ஓடமாட்டான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறான்.

தெரியாமல் செய்த பிழை இல்லை. யோசித்துச் செய்தது. அவளுக்கு அழுகை வரவில்லை. வாயில் இரும்பை நக்கியதுபோல ஒரு ருசி வந்தது. விசாரணையின் இறுதி அமர்வுவரை ஒரு வார்த்தை வெளியே விடக்கூடாது என்று முடிவு செய்தாள். அவன் சிரித்துக்கொண்டே வந்து உட்கார வேண்டும். எழுந்திருக்கும்போது அவனுக்கு முகமே இருக்கக்கூடாது.

அதற்குள் மரியசெல்வத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போது தன் குரலில் சந்தோஷம் இருப்பதை அவளே கேட்டாள். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்:

"இந்தப் பெட்டி வேற எங்கெல்லாம் இருக்கு?"

"சித்தையன்கோட்டையில ஒண்ணு. தாடிக்கொம்பு தாண்டி ஒண்ணு. இன்னும் இருக்கும்."

"அங்கயும் இதே புரோகிராமா?"

"ஆமா."

"சித்தையன்கோட்டையில இஞ்ஞாசி அண்ணேதான் ஆபரேட்டரு. எனக்கு வேல கத்துக்குடுத்தவரு."

அவள் கையிலிருந்த அறிக்கையை மடித்தாள்.

"போன எடுக்கா."

"ஏலே, இப்பச் சொன்னா அவனுக்குத் தெரிஞ்சுபோகும். எல்லாத்தையும் மாத்தி எழுதிட்டு வந்து நிப்பான். இன்னும் கொஞ்ச நாள்தான்."

"அந்தக் கொஞ்ச நாள்ல அண்ணே மூஞ்சி இப்படி ஆச்சுன்னா?"

"அவன விடச் சொல்றியா?"

"விடச் சொல்லல. கொல்லு. ஆனா மொதல்ல போனப் போடு."

அவனே கைபேசியை எடுத்தான். கட்டுப்போட்ட விரல்களுக்குத் திரை அசையவில்லை. விரல் முட்டியால் அழுத்தினான். அதுவும் தப்பான எண்ணுக்குப் போனது. திரும்பத் திரும்ப முயன்றான். செல்வி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த நேரத்தில் அவளுக்குத் தம்பிமேலும் கோபம் வந்தது. தான் சேர்த்து வைத்திருந்ததை அவன் கீழே கொட்டச் சொல்வதுபோல இருந்தது. கடைசியில் கைபேசியைப் பிடுங்கி எண்ணைப் போட்டு அவன் காதில் வைத்தாள்.

"இஞ்ஞாசி அண்ணே, நான் மரியசெல்வம். தெரைய நம்பாதீக. மூடியத் தொறக்குறதுக்கு முந்தி பக்கத்து வால்வக் கையால தொறந்து, ஆவி அடங்குச்சான்னு பாருங்க. ஆமாண்ணே, ஒவ்வொரு வாட்டியும்."

அன்றைக்கே பாரூக் வண்டியை எடுத்துக்கொண்டு மற்ற ஆலைகளுக்கும் போனான். அவள் தெரிந்ததைச் சுருக்கமாக எழுதி விசாரணை அதிகாரிக்கும் அனுப்பினாள்.

செழியன் வர அதிக நேரம் ஆகவில்லை. ஒரு மத்தியான வெயிலில் மாடிப்படி ஏறி வந்து நின்றான். இளைத்திருந்தான். அவள் உட்காரச் சொல்லவில்லை. அவன் தானாகவே பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"தம்பி எப்படி இருக்காரு?"

"எதுக்கு வந்த?"

"செல்வி, குடிச்சிருந்தார்னு நான் எழுதல. அது முதலாளி அசோக்குமார் சொன்னது. புரோகிராம்ல தப்பு இல்லைன்னு மட்டும்தான் நான் எழுதுனேன்."

"புரோகிராம்ல தப்பு இல்லைன்னா யார்கிட்டத் தப்பு இருக்கும்? மிச்சம் இருக்குற ஒரே ஆளு என் தம்பிதானே?"

அவன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தான். மாடி அறை தகித்தது. மின்விசிறி அவள் பக்கம் திரும்பியிருந்தது. மேசையில் தண்ணீர்ச் சொம்பு இருந்தது. அவன் அதைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். யார் வீட்டுக்கு வந்தாலும் முதலில் தண்ணீர் கொடுக்கிற பழக்கம் அவள் கையில் இருந்தது. கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒரு வழி இருக்கு. யார் மேலயும் தப்பில்லாத எதிர்பாராத விபத்துன்னு முடிச்சுக்கலாம். தம்பி பேரு சுத்தமாயிரும். கருவியில பழைய பதிப்பு மாறிப்போச்சுன்னு நான் சொல்லிக்கிறேன். எங்கிட்ட ஆளுங்க வேலை பாக்குறாங்க, செல்வி."

"இருபதுல நிறுத்துனது யாரு?"

அவன் கைக்குட்டையை மடிக்கத் தொடங்கினான்.

"பதிப்பு மாறுச்சா, நீ மாத்துனியா?"

"மாத்துனேன். இருபது சுத்துக்கு மேல யாரும்..."

"அத அந்த ரூம்ல, எல்லார் முன்னாடியும் சொல்லு. என் தம்பிக்கு முன்னாடி சொல்லு."

"அப்ப நான் முடிஞ்சேன்."

"ஆமா" என்றாள்.

அவன் படியிறங்கும்போது ஒரு படியில் தவறி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். அதைப் பார்க்க அவளுக்கு நன்றாக இருந்தது. அவன் போனபிறகு சொம்பிலிருந்த தண்ணீர் முழுவதையும் அவளே குடித்தாள்.

இறுதி அமர்வு ஒரு நீண்ட அறையில் நடந்தது. விசாரணை அதிகாரி அம்பிகா நடுவில் இருந்தார். ஆலை முதலாளி அசோக்குமார், செழியன், இந்தப்புறம் செல்வி, மரியசெல்வம், பாரூக். மரியசெல்வம் முகத்தை மறைக்காமல் வந்திருந்தான். அசோக்குமார் ஒருமுறை பார்த்துவிட்டு அப்புறம் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

செழியன் அவள் சொன்னபடி ஒப்புக்கொள்ளவில்லை. நன்றாகத் தயாரித்துக்கொண்டு வந்திருந்தான். பேகம்பூர்க் கடையில் சைக்கிள் பம்பை வைத்துச் செய்தது முறையான சோதனை ஆகாது என்றான். செல்வியின் கருவி இதற்குமுன் எந்தெந்தப் புரோகிராம்களில் இல்லாத ஆபத்துக்குக் கத்தியது என்று ஒவ்வொன்றாகத் திரையில் காட்டினான். அத்தனையும் உண்மை.

"மேடம், அவங்க கருவி எதப் பாத்தாலும் ஆபத்துன்னு சொல்லும். எங்க கருவி ஒழுங்கா நிலைப்புள்ளிக்கு வந்து நின்னு, அதுக்கப்புறம் சொன்ன முடிவு இது. திருத்தம் இருபதைத் தாண்டாது."

அதிகாரி செல்வியைப் பார்த்தார். "நீங்க என்னம்மா சொல்றீங்க? எனக்குக் கம்ப்யூட்டர் கணக்கெல்லாம் தெரியாது. புரியிற மாதிரி சொல்லுங்க."

செல்வி எழுந்தாள். இரவெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் எதுவும் தேவைப்படவில்லை.

"மேடம், நிலைப்புள்ளின்னா இன்னொரு சுத்து போனாலும் எதுவும் மாறாதுன்னு அர்த்தம். அது சரிதானான்னு அவரையே கேளுங்க."

"சரிதான்" என்றான் செழியன். அதைத் தவிர வேறு சொல்ல அவனால் முடியாது.

"அப்ப என் கருவி வேண்டாம், பம்பும் வேண்டாம். அவரோட லேப்டாப்ல, அவரோட கருவிய, இன்னும் ஒரே ஒரு சுத்து ஓட்டச் சொல்லுங்க. நின்னது நின்னதுதான்னா இருபது இருபதாவே இருக்கும். நான் மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிர்றேன்."

செழியன் அவளைப் பார்த்தான். கோயம்புத்தூரில் ஒரே மேசையில் வேலை பார்த்த நாட்களுக்குப் பிறகு அவன் அவளை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

"கருவிய அதுக்காக அமைக்கல, மேடம். அமைப்ப மாத்தணும், நேரம் ஆகும்."

"ஒரு எண்ணை மாத்தணும். இருபதுங்கிறத இருபத்தொண்ணுன்னு போடணும். எந்த வரியிலன்னு நான் சொல்லட்டுமா?"

"மாத்துங்க" என்றார் அதிகாரி.

அவன் தட்டினான். சுவரில் விழுந்த படத்தில் வரி மாறியது. திருத்தம்: பூஜ்யம் முதல் இருபத்தொன்று வரை.

அறையில் யாருக்கும் அது உடனே உறைக்கவில்லை. அதிகாரி மட்டும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டினார்.

"இருபதைத் தாண்டாதுன்னு சொன்னீங்களே?"

"இன்னும் ஒரு சுத்து" என்றாள் செல்வி.

இருபத்திரண்டு.

"இன்னும் ஒண்ணு."

செழியன் அதிகாரியைப் பார்த்தான். அவர் தலையசைத்தார். அவன் எண்ணை மாற்றி விசையை அழுத்தினான். வரம்பு ஒன்று கூடியது. செல்வி மறுபடியும் சொன்னாள். அவன் மறுபடியும் அழுத்தினான். அவன் சட்டையின் முதுகில் வியர்வை படர்ந்து பெரிதாகிக்கொண்டே போனது.

"புரிஞ்சிருச்சும்மா. இது நிக்கவே இல்ல. போதும்" என்றார் அதிகாரி.

அங்கேயே அவள் உட்கார்ந்திருக்கலாம். வழக்கு அப்போதே முடிந்துவிட்டது.

"இன்னும் கொஞ்சம்தான் மேடம். முப்பதைத் தாண்டுறவரைக்கும்."

"அவசியமா?"

"எனக்கு அவசியம்."

அதிகாரி மரியசெல்வத்தின் முகத்தைப் பார்த்தார். பிறகு, ஓட்டுங்கள் என்று செழியனுக்குக் கைகாட்டினார். செழியன் ஒவ்வொரு எண்ணாக மாற்றினான். ஒவ்வொன்றுக்கும் முன்னால் அவள் சொல்லவேண்டும் என்று காத்திருந்தான். அவளும் ஒவ்வொரு முறையும் அவசரப்படாமல் சொன்னாள். கடைசியில் அவனுடைய சொந்தக் கருவி, அவன் வடிவமைத்த சிவப்பு எழுத்தில், சுவர் முழுக்கக் காட்டியது: ஆபத்து. அழுத்தம் இருக்கும்போது பூட்டு திறக்கலாம்.

செழியன் லேப்டாப்பை மூடப் போனான்.

"மூடாதீக" என்றான் மரியசெல்வம். அன்று அவன் பேசியது அது ஒன்றுதான். "எனக்கு ஒத்தக் கண்ணு. படிக்க நேரமாகும்."

எல்லோரும் அவன் படித்து முடிக்கும்வரை காத்திருந்தார்கள்.

இறுதி அறிக்கையில் ஆபரேட்டர் மீது எந்தத் தவறும் இல்லை என்று வந்தது. கண்ணாடி சிஸ்டம்ஸ் கொடுத்த சான்றிதழ்கள் அத்தனையும் ரத்தாயின. செழியன் மீதும், மூடியின்மேல் இருந்த முள் மீட்டர் பழுதானதை மாற்றாமல் விட்ட அசோக்குமார் மீதும் வழக்குப் பதிவானது. அறிக்கையை ஆலையில் எல்லாத் தொழிலாளர்கள் முன்னாலும் அசோக்குமாரே வாசிக்கவேண்டும் என்று செல்வி அதிகாரியிடம் பிடிவாதம் பிடித்தாள். அவர் வாசித்தார். "மது அருந்தியிருக்கவில்லை" என்ற இடத்தில் குரல் உள்ளே போனது. பின்வரிசையில் கேட்கவில்லை, சத்தமாக வாசியுங்கள் என்று பாரூக் கத்தினான்.

பைபாஸில் போர்டை இறக்கிய செய்தி வந்தபோது செல்வி அதைப் பார்ப்பதற்கென்றே பேருந்தில் போய் வந்தாள். அதற்காக அவள் வெட்கப்படவில்லை.

சான்றிதழ்கள் ரத்தானதால் அந்தப் புரோகிராம்களை எல்லாம் யாராவது மறுபடி ஆராயவேண்டியிருந்தது. அந்த வேலையை அவளிடமே கொடுத்தார்கள். கருவி கத்திய இடங்களை ஒவ்வொன்றாகக் கையால் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் செழியனிடமிருந்து ஒரு மெயில் வந்தது. சமாதானமோ கெஞ்சலோ இல்லை. தாவலை எடுக்காமலே வீண் கத்தலைக் குறைக்க ஒரு வழி எழுதியிருந்தான். எல்லையில்லை என்று ஒரேயடியாகத் தாவுவதற்கு முன், புரோகிராமிலேயே இருக்கும் எண்களில் ஒவ்வொன்றாக நின்று பார்க்கலாம். அந்த எண்கள் கொஞ்சம்தான், அதனால் கணக்கு எப்படியும் முடியும். அப்படி முடியும் என்பதற்கு நிரூபணமும் இருந்தது.

அவள் அதில் ஓட்டை தேடினாள். இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டுத் தேடினாள். இல்லை. திருத்தம் என்ற எண்ணுக்கு அந்த வழியும் ஆபத்து என்றே சொன்னது. வீணாகக் கத்திய இடங்கள் பலவற்றில் மௌனமானது. அதைக் கருவியில் சேர்த்தாள். எழுதியவர் பெயர் போடும் இடத்தில் செழியன் என்று போட்டாள். பிறகு அவனுக்கு ஒரே வரியில் பதில் அனுப்பினாள்: வழி சரி. வந்து என் தம்பியைப் பார்த்துவிட்டுப் போ.

வரமாட்டான் என்று நினைத்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தான்.

மரியசெல்வம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். செழியன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றான். எதையோ சொல்ல வாயெடுத்தான்.

"பேசவேணாம்" என்றான் மரியசெல்வம். அலமாரியில் இருந்த களிம்பைக் காட்டினான். "எனக்குக் கழுத்துக்குப் பின்னாடி எட்டாது. அக்காதான் போட்டுவிடும். இன்னைக்கு நீங்க போட்டுவிடுங்க."

செழியன் செல்வியைப் பார்த்தான். அவள் நகரவில்லை.

கையைக் கழுவிக்கொண்டு வந்து களிம்பைத் திறந்தான். விரல் அந்தத் தோலில் பட்டதும் அவனுடைய கை இழுத்துக்கொண்டது. மரியசெல்வம் அசையாமல் காத்திருந்தான். மறுபடி தொட்டான்.

"அமுத்தாதீக. மெதுவா."

"சரி."

"காதுக்குப் பின்னாடியும் இருக்கு."

"தெரியுது."

செழியனுடைய கண்ணீர் வழிந்து தாடையில் நின்றது; கை களிம்பாக இருந்ததால் துடைக்க முடியவில்லை. செல்வி கதவில் சாய்ந்து நின்று அவன் முகத்தை ஒன்றுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். இரக்கம் வருமோ என்று பயந்திருந்தாள். வரவில்லை. மரியசெல்வம் சட்டைக் காலரை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கிக் கொடுத்தான்.

"முதுகுலயும் இருக்குது" என்றான்.